சாவி வீட்டிற்குள், கார் திருடர் கையில்

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலேயே கதவைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்தி இயந்திரத்தை முடுக்கும் வசதி ஒரு காலத்தில் விலையுயர்ந்த கார்களுக்கே உரியதாக இருந்தது. 2017 நவம்பரில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி போன்ற உள்நாட்டுக் கார்களின் வழியாக அது இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துவிட்டது. இவ்வசதியோடு உலகெங்கும் ஒரு புதுவகைத் திருட்டும் வளர்ந்துள்ளது. அதில் கண்ணாடி உடைவதில்லை, பூட்டு நெம்பப்படுவதில்லை, அபாயமணிகூட ஒலிப்பதில்லை.

இவ்வகைக் காரின் கைப்பிடியைத் தொட்டவுடன், கார் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒன்றிரண்டு மீட்டருக்கு மட்டுமே எட்டும் மெல்லிய அலையை அனுப்பித் தன் சாவி அருகில் இருக்கிறதா என்று கேட்கிறது. அதனால் விழித்துக்கொள்ளும் சாவி, தனக்கும் காருக்கும் மட்டுமே தெரிந்த இரகசிய எண்ணைக் கொண்டு கணித்த விடையை, 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அளவிலான, இன்னும் நெடுந்தொலைவு செல்லும் ரேடியோ அலையில் திருப்பி அனுப்புகிறது. கேள்வி குறுகிய தூரமே எட்டும் என்பதால், சரியான விடை வந்துவிட்டாலே சாவி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று கார் முடிவு செய்துகொள்கிறது. குறை முழுவதும் இந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

அலைக்கடத்தல் எனத்தக்க இத்திருட்டில் பெரும்பாலும் இருவர் ஈடுபடுவர். ஒருவர் காரின் கதவருகே ஒரு கருவியுடன் நிற்க, மற்றவர் வீட்டுச் சுவரையொட்டி இன்னொரு கருவியைப் பிடித்திருப்பார். காரின் கேள்வியை முதற்கருவி வாங்கி இரண்டாவதற்கு அனுப்ப, அது உள்ளிருக்கும் சாவியை எழுப்பி விடையை வரவழைக்கிறது. இரகசிய எண்ணை எவரும் உடைப்பதில்லை; ஆகவே குறியாக்கம், அதாவது செய்தியைப் பிறர் அறியாதபடி மாற்றும் கணக்குமுறை, எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் இங்கே பயனில்லை. சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் வகைகளைச் சோதித்து, அனைத்தும் இம்முறைக்கு இடங்கொடுப்பதை 2011இலேயே வெளியிட்டனர். 2017இல் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் காவல்துறை வெளியிட்ட காணொளியில், சோலிஹல் பகுதியின் வீடொன்றின் முன் நின்ற மெர்சிடிஸ் கார் ஏறத்தாழ ஒரே நிமிடத்தில் களவு போனது. கிளம்பிய பிறகு சாவி உள்ளே இல்லை என்று தெரிந்தாலும் கார் எச்சரிக்குமே தவிர நின்றுவிடாது. ஓடும் காரின் இயந்திரம் நடுச்சாலையில் அணைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அவ்வாறு அமைத்துள்ளனர்.

கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா ஆகிய இடங்களின் வரிசை வீடுகள் இந்த ஆபத்துக்கு எளிதில் இடங்கொடுப்பவை. கூரையிட்ட கார் நிறுத்துமிடம், அதையொட்டி இரும்புக் கிரில், அதன் பின்னால் முன்கூடம் என எல்லாம் சில அடிகளுக்குள் அடங்கிவிட, சாவிக்கொத்து கதவோர ஆணியிலோ காலணி அலமாரியின் மேலோ கிடக்கும். செங்கற்சுவர் அதற்குப் பாதுகாப்பு ஆகாது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் மேல்தளத்தில் இருக்கும் சாவியைக் கீழே நிற்கும் காரோடு இணைப்பது கடினம்; அங்கே கவலை வேறு. துன் சம்பந்தன் சாலையின் தீபாவளி நெரிசலில் காரை நிறுத்திவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்துகொண்டே பொத்தானை அழுத்துவோரின் அலையை, அதே அதிர்வெண்ணில் இரைச்சல் எழுப்பும் தடைக்கருவியால் மூழ்கடித்துவிட முடியும். கார் பூட்டப்படாமலே நிற்கும். 2024இல் கிள்ளானின் ஒரு கடைவரிசையில் கார்ச் சாவிகள் வேலை செய்யவில்லை என்று புகார் எழுந்து, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் விசாரிக்க நேர்ந்தது. அது திருட்டு விவகாரமன்று என்றாலும், இந்த அலைகள் எவ்வளவு எளிதில் குலையக்கூடியவை என்பதை ஊரறியச் செய்தது. விளக்குகள் மின்னியதைக் கண்டு, கைப்பிடியை ஒருமுறை இழுத்தும் பார்ப்பதே இதற்கு மருந்து.

அலைக்கடத்தலுக்கு எதிரான எளிய காப்பு, 1836இல் மைக்கேல் ஃபாரடே நிறுவிய உண்மையிலிருந்து பிறந்தது: மின்கடத்தும் உலோகத்தால் சூழப்பட்ட கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழைவதில்லை. அந்த அடிப்படையில், உலோக இழை கலந்த துணியால் தைத்த சாவிப்பைகள் சந்தையில் கிடைக்கின்றன. இறுக மூடும் மைலோ டின்னும் பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும். ஆயினும் நம்பிவிடாமல் சோதிக்க வேண்டும். சாவியை உள்ளே வைத்து மூடி, அதைக் கையில் பிடித்தபடியே காரின் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கலாம். கதவு திறந்தால் அந்தப் பையோ டின்னோ உதவாது. பையின் மடிப்புகளில் இழை நாளடைவில் நைந்துபோவதால், இச்சோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்வது நல்லது. அலமாரியில் மறந்துகிடக்கும் மாற்றுச் சாவிக்கும் இதே காப்பு வேண்டும். டொயோட்டாவின் பல சாவிகளில், பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தினால் சாவியின் விளக்கு நான்கு முறை மின்னி அது உறங்கிவிடும். மற்ற கார்களில் இத்தகைய வசதி உண்டா என்பதைக் கையேட்டில் பார்க்கலாம்.

பை மட்டும் போதாது. லண்டனில் 2022இல் களவுபோன டொயோட்டா ராவ்4 ஒன்றை ஆராய்ந்து, வாகன மின்னணுப் பாதுகாப்பு வல்லுநர் கென் டிண்டல் 2023இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, திருடர்கள் முகப்பு விளக்கின் கம்பிகள் வழியே காரின் உட்கணினி வலையமைப்பில் புகுந்து, சரியான சாவி வந்துவிட்டது என்ற பொய்ச்செய்தியைச் செலுத்தினர். அங்கே சாவிக்கே வேலையில்லை. ஆகவேதான் மலேசியர்கள் பழைய புரோட்டோன் கார்களில் மாட்டிவந்த ஸ்டீரிங் பூட்டு, பெடல் பூட்டு ஆகியவற்றை இன்றும் கைவிடக் கூடாது. எந்த அலையாலும் அவற்றைத் திறக்க முடியாது.

நிலையான தீர்வு உற்பத்தியாளரிடம் உள்ளது. அதி அகன்ற அலைக்கற்றை (UWB) எனப்படும் நுட்பத்தில், விடை வந்து சேர எடுத்த நேரத்தையே கார் அளக்கிறது; ரேடியோ அலை ஒரு நானோவிநாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரே செல்லும் என்பதால், சுற்றிவந்த விடை தாமதத்தால் பிடிபட்டுவிடும். குறை வெளியாகி இத்தனை ஆண்டுகளான பின்னும் இந்நுட்பம் எல்லாக் கார்களுக்கும் வராதிருப்பது ஏற்கத்தக்கதன்று. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 379ஏ பிரிவு வாகனத் திருட்டுக்கு 1 முதல் 7 ஆண்டுவரை சிறை விதித்தாலும், அது இழந்த காரை மீட்டுத் தராது. மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்போருக்கோ களவுபோன காருக்கு இழப்பீடு கிடைக்காது. புதிய கார் வாங்க முன்பணம் கட்டுவதற்கு முன், அது சாவியின் தொலைவை நேரத்தால் அளக்கிறதா, சாவியை எடுக்காமலே திறக்கும் வசதியை அணைத்துவைக்க முடியுமா என்ற இரு கேள்விகளை விற்பனையாளரிடம் வாசகர்கள் கேட்டேயாக வேண்டும்.