ஓட்டு இருந்தும் துப்பாக்கி வந்தது ஏன்? மரக்காணம் பக்கத்து முகாமுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கிழக்கு கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பக்கம் போனால் கீழ்புத்துப்பட்டு வரும். அய்யனார் கோயிலுக்காக அந்த ஊரைப் பலருக்கும் தெரியும். அதே ஊரில்தான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள் என அங்கே வாழ்க்கை ஓடுகிறது.

இவர்கள் ஓடி வந்தது ஏதோ ராணுவ ஆட்சி நாட்டில் இருந்து இல்லை. தேர்தல், நாடாளுமன்றம், நீதிமன்றம் எல்லாம் இருந்த நாடு அது. அப்படிப்பட்ட நாட்டில் ஆயுதக் குழுக்கள் எப்படி உருவாகின? குண்டு வைத்தவரைப் பிடித்தால் போதுமா, வேரையும் பார்க்கணுமா?

இலங்கை ஜனநாயக நாடுதானே?

ஆமாம். 1931லேயே அங்கே வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்துவிட்டது. இந்தியாவில் அது நடைமுறைக்கு வந்தது 1951-52 பொதுத் தேர்தலில்தான்.

ஆனால் எண்ணிக்கையில் எப்போதும் குறைவாக இருக்கும் சமூகத்துக்கு என்ன பாதுகாப்பு? இந்தக் கேள்விக்கு அங்கே சரியான பதில் இல்லை. 1948ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதை எதிர்த்து கொழும்பு காலிமுகத்திடலில் அறவழியில் உட்கார்ந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டார்கள்.

1957ல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தந்தை செல்வாவும் ஒப்பந்தம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1965ல் டட்லி சேனநாயக்க போட்ட ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரவில்லை.

இளைஞர்கள் எப்போது திசை மாறினார்கள்?

1970களில். பல்கலைக்கழகச் சேர்க்கையில் 'தரப்படுத்தல்' வந்தது. 1971 சேர்க்கையில் மருத்துவப் படிப்புக்கு 400க்கு தமிழ் மாணவர் 250 எடுக்கணும், சிங்கள மாணவருக்கு 229 போதும். படித்து முன்னேறலாம் என்றிருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய அடி.

1977 தேர்தலில் தனிநாடு கேட்டு நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களில் ஜெயித்து எதிர்க்கட்சியாகவே ஆனது. 1979ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம், போலீசிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். மூன்று ஆண்டுக்கு என்று கொண்டுவந்த சட்டம் 1982ல் நிரந்தரம் ஆனது.

1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து தமிழர்கள் மீது பெரும் வன்முறை நடந்தது. வெலிக்கடை சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே, தனிநாடு கேட்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கணும் என அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. மறுத்த தமிழ் எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். தமிழர்கள் நாடாளுமன்றத்தில் பேச இருந்த வழியும் அடைபட்டது. சில குழுக்களாக இருந்த ஆயுத இயக்கங்களுக்கு ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் சேர்ந்தது இதன் பிறகுதான்.

காரணம் சொன்னால் நியாயப்படுத்துவது ஆகாதா?

ஆகாது. அதே அநீதியை அனுபவித்த பெரும்பாலானோர் ஆயுதம் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் சொந்த மக்களையும் விட்டுவைக்கவில்லை. 1975ல் யாழ்ப்பாண மேயர் துரையப்பா, 1989ல் அமிர்தலிங்கம், 1999ல் அதிகாரப் பகிர்வுத் திட்டத்துக்காக உழைத்த நீலன் திருச்செல்வம் என பேச்சுவார்த்தைக்கான தமிழ்க் குரல்களும் அடங்கின. 1990ல் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, எந்தத் தப்பும் செய்யாத முகாம் மக்கள் மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது.

இது தமிழர் - சிங்களர் பிரச்சினை மட்டுமா?

இல்லை. 1971லும் 1987-89லும் ஜே.வி.பி. என்ற பெயரில் ஆயுதம் எடுத்தவர்கள் சிங்கள இளைஞர்கள். படிப்பு இருந்தது, வேலை இல்லை. வேலைக்கு அரசியல் சிபாரிசு வேண்டும். அதே ஜே.வி.பி. பிறகு தேர்தல் பாதைக்கு வந்தது. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024ல் ஜனாதிபதியே ஆகிவிட்டார்.

தமிழ்நாட்டில் ஏன் அப்படி ஆகவில்லை?

இங்கும் மொழிப் பிரச்சினை இருந்தது, திராவிட நாடு கோரிக்கையும் இருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தீக்குளித்தவர்கள் உண்டு, துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களும் உண்டு. ஆனால் இரண்டே ஆண்டில் போராட்டத்தின் பக்கம் நின்ற தி.மு.க. கோட்டைக்கே போனது. ஆங்கிலம் தொடரும் என்று 1967ல் ஆட்சிமொழிச் சட்டமும் திருத்தப்பட்டது. சொந்த மாநிலம், சொந்த சட்டமன்றம் என்ற வசதி இலங்கைத் தமிழருக்கு இல்லை. அந்த வித்தியாசத்தையும் மறந்துவிடக் கூடாது.

மிசோரமும் ஓர் உதாரணம். 1966ல் ஆயுதம் எடுத்த லால்டெங்கா, 1986 ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல்வர் ஆனார்.

அப்போ என்னதான் செய்யணும்?

* போட்ட ஒப்பந்தத்தைக் காப்பாத்தணும். கிழிந்த ஒவ்வொரு ஒப்பந்தமும் மிதவாதத் தலைவரைப் பலவீனமாக்கி, தீவிரமானவரை வளர்க்கும்.
* குற்றம் செய்தவரைத் தண்டிக்கணும், அவர் பிறந்த சமூகத்தை அல்ல.
* அவசரத்துக்கு வந்த கடும் சட்டத்துக்கு முடிவுத் தேதி வேணும்.
* படிப்பு, வேலை, மொழி விஷயங்களில் குறை கேட்க நம்பகமான இடம் இருக்கணும்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018ல் முடிந்த பிறகு, ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. துப்பாக்கி ஓய்ந்தது, கேள்வி ஓயவில்லை.

கீழ்புத்துப்பட்டிலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021ல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லையென்றால் குடியுரிமை தானாகக் கிடைக்காது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. மரக்காணம் மண்ணிலேயே பிறந்து, இங்கேயே படித்து, வேலைக்கும் போகிற அந்த இளைஞருக்கு வாக்குச்சாவடியில் மட்டும் இன்னும் இடமில்லை.