கூடிப் பேசுவதற்கு முன் தனியாக வரையுங்கள்

கரியாலூரில் சாமை அரிசி பாக்கெட் போடும் பெண்கள் குழு ஒன்றுக்கு பாக்கெட்டில் ஒட்ட ஒரு சின்னம் தேவைப்பட்டது. "ஒரு படம் யோசிச்சுச் சொல்லு தம்பி" என்றார்கள். ஸ்டிக்கர் நன்றாக அமைந்தால்தான் கள்ளக்குறிச்சி கடைகளில் பாக்கெட் கண்ணில் படும். பதினொரு பேரையும் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு யோசனை கேட்டேன்.

மூத்த அக்கா ஒருவர் "மலை போடலாம்" என்றார். அவ்வளவுதான். மலையில் சூரியன், மலையில் அருவி, மலையில் மான் என்று ஒரு மணி நேரம் மலையைவிட்டு யாருமே இறங்கவில்லை!

இது அவர்கள் குற்றம் இல்லை, நான் கூட்டம் நடத்திய விதம் அப்படி. 'பிரெய்ன்ஸ்டார்மிங்' முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன். குழுவாக யோசித்தால் ஒருவருக்குத் தனியாக வருவதைப்போல இரண்டு மடங்கு யோசனை வரும் என்று எழுதினார். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சேர்ந்து பேசிய நால்வரைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் யோசனைகளைக் கூட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்ற ஆய்வாளர்கள் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அதற்குள் சொந்த யோசனை நழுவிவிடும். நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு. பெரியவர் சொன்ன பிறகு சின்னவர் வேறு சொல்லத் தயங்குவார்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்று நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று மத்திய அரசு 2009-இல் போட்டி அறிவித்தது. வந்தவை 3,331. எல்லாம் அவரவர் தனியாக வரைந்து அனுப்பியவை. நடுவர்கள் அவற்றை ஐந்தாகச் சுருக்கினார்கள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது டி. உதயகுமார் வரைந்ததை. மும்பை ஐஐடியில் வடிவமைப்பு படித்த அவர் பிறந்தது இந்தக் கள்ளக்குறிச்சியில்தான்.

₹ குறியீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வடிவமைப்பின் அடிப்படைகள் அதிலேயே இருக்கின்றன.

கோடு: மேலே இரண்டு கிடைக்கோடுகள். மேல்கோடு தேவநாகரி எழுத்தின் தலைக்கோடு. இரண்டும் சேர்ந்தால் சமக்குறி.

வடிவம்: தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று. ரோமன் எழுத்தின் நிமிர்ந்த கால் மட்டும் இல்லை. எதைச் சேர்த்தார் என்பதைவிட எதை எடுத்தார் என்பதுதான் இங்கே பாடம்.

வெற்றிடம்: இரு கோடுகளுக்கு நடுவே விட்ட இடமும் வேலை செய்கிறது. கோடுகளோடு சேர்த்துப் பார்த்தால் மூவர்ணக் கொடி.

அளவு: ஒரே நிறம் போதும். எறும்பு அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரியும்.

மறுவாரம் கரியாலூரில் வேறு மாதிரி செய்தோம். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பேனா, பத்து நிமிடம், பேச்சு கூடாது. வரைந்ததைப் பெயர் போடாமல் சுவரில் ஒட்டினோம். பிறகுதான் பேச்சு. கேள்விகள் மூன்றே: ஒரே நிறத்தில் அச்சிட முடியுமா? கட்டைவிரல் அளவில் புரியுமா? எதை எடுத்துவிடலாம்?

இந்த முறை மலை மூன்று தாளில்தான் இருந்தது. எல்லாரும் நின்று பார்த்தது, வளைந்த ஒரு கோடும் அதன் நுனியில் தொங்கும் சில புள்ளிகளும். மணி பிடித்துக் குனிந்த சாமைக் கதிர். வரைந்தது, முதல் கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண். புள்ளிகளைக் குறைக்கச் சொன்னது "மலை" என்ற அதே அக்கா.

கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யோசனை பிறக்கத் தனிமை வேண்டும், அதைச் செதுக்கக் கூட்டம் வேண்டும். வரிசை மாறினால் கிடைப்பது முதலில் பேசியவரின் யோசனை மட்டும்தான். அடுத்த முறை சங்கத்துக்கோ கடைக்கோ லோகோ பேச உட்காரும்போது, முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்து பாருங்கள்.