இலித்துவானிய மொழியும் தொன்மை பற்றிய ஓர் ஐயமும்

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டொன்று 15 படுக்கைகளையுடைய ஆதுலசாலையைப் பற்றிக் கூறுகின்றது. மருத்துவ வரலாற்றார் நன்கறிந்த அதனை யாம் ஈண்டு எடுத்தது, அதனைப் பொறித்த வீரராசேந்திர சோழனின் (1063–1070) பெயர் முதற்கண் உள்ள ஒரு சொல்லின் பொருட்டேயாம். ‘வீர’ என்பது வடமொழியினின்று தமிழ் கடன்கொண்டது. பால்டிக் கடற்புறத்து இலித்துவானியரோ கடன்கொள்ளாமலே அதன் இனச்சொல்லை வழங்குகின்றனர். அவர்தம் ‘வீரஸ்’ ஆண்மகனைக் குறிக்கும். இலத்தீன் ‘விர்’ என்பதும் அப்பொருட்டே.

இலித்துவானியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சார்ந்தது. அக்கிளையில் இன்று வழங்குவன இதுவும் இலத்துவியமுமே. இதன் முதல் அச்சுநூல் மாழ்விதாஸ் என்பாரின் சமய வினாவிடை; ஆண்டு 1547. இருக்கு வேதத்திற்கு ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பிற்பட்ட இம்மொழி, ஏழு வேற்றுமைகளை இன்றும் பேச்சில் வழங்குகின்றது. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. ஓநாய் வேதமொழியில் ‘வ்ருக’, இலித்துவானியத்தில் ‘வில்கஸ்’. ஆங்கிலத்து ‘உல்ஃப்’ என்பதனையும் உடன்வைத்து நோக்கின், மூலத்தில் இருந்தது லகரமே என்பது தெளிவு. பழைய ஏடு திரித்ததைப் பிந்திய பேச்சு காத்துளது.

இதுகொண்டு இலித்துவானியத்தையே மூலமொழி எனத் துணிதல் தகாது. அம்மொழிப் பெயர்ச்சொற்களில் அலிப்பால் அழிந்தது. படர்க்கை வினையில் ஒருமை பன்மை வேறுபாடும் மறைந்தது.

தமிழ் பயில்வார் இதனைக் கருதவேண்டியது ஏன்? சங்கநூலில் உள்ளதே திராவிடத்தின் முதல் வடிவம் என முதுகலை மாணவர் பலர் ஆராயாமலே எழுதிவிடுகின்றனர். யானும் மாணவனாயிருந்த காலத்து அங்ஙனம் எழுதியதுண்டு. ‘செவி’ சங்கநூற்சொல், ஐயமில்லை. ஆயின் கன்னடத்தில் அது ‘கிவி’, குடகில் ‘கெவி’, நீலகிரிக் கோத்தர் மொழியில் ‘கெவ்’. எகர இகரங்களின்முன் ககரம் சகரமாதல் உலகமொழிகள் பலவற்றுள் காணும் இயல்பு. சகரம் ககரமாதலோ அரிது. ஆகவே ககரமே முந்தையது. தமிழின் எழுத்துச்சான்று தொடங்குமுன்னரே நிகழ்ந்துவிட்ட திரிபினை, ஏடே இல்லாத கோத்தர் பேச்சுக் காட்டிக்கொடுக்கின்றது. அக்கோத்தர் மொழியோ ஈற்றுயிரை இழந்தது. தமிழ் அதனைப் போற்றியது. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி இவற்றையெல்லாம் ஒரே பதிவின்கீழ் நிறுத்துகின்றது.