கடலோரப் புகையிரதப் பாதையைக் காப்பது எப்படி?

படுவான்கரையில் வாழும் எமக்குப் புகையிரதம் என்பது வாவியைக் கடந்து சென்று ஏறவேண்டிய ஒன்று. வெல்லாவெளியில் இருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி, மட்டக்களப்பு நகருக்குப் போனால்தான் தண்டவாளத்தைக் காணலாம். அந்தப் பாதையும் நகருடன் முடிந்து விடுகின்றது. அதனைக் கல்முனை வழியாகப் பொத்துவில் வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக உள்ளது. அப்படி நீட்டப்படுமானால், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக உள்ள எழுவான்கரையின் ஒடுங்கிய மணல் நிலத்திலேயே பாதையின் ஒரு பகுதி அமைய வேண்டிவரும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளையும் கண்ட நிலம் அது.

ஆகவே, கடலோரப் பாதைகள் எப்படி அழிகின்றன, அவற்றை எப்படிக் காக்கின்றார்கள் என்பதை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது. பாதை வருவதற்கு முன்பே எமது வீதிகளுக்கும் குளக்கட்டுகளுக்கும் இந்த அறிவு பயன்படும்.

பாதை எவ்வாறு அழிகின்றது?

தண்டவாளம் சிலிப்பர் கட்டைகளின் மேல் கிடக்கின்றது. கட்டைகள் சல்லிக்கல்லின் மேலும், சல்லிக்கல் மண்அணையின் மேலும் கிடக்கின்றன. கடல் பெரும்பாலும் இரும்பை முறிப்பதில்லை. அதன் கீழே உள்ள மண்ணையே எடுத்துச் செல்கின்றது. இது மூன்று விதமாக நடைபெறுகின்றது.

முதலாவது, அலை மண்அணையின் அடிவாரத்தைக் குடைகின்றது. அடி போனால் மேற்பகுதி தானாகச் சரியும்.

இரண்டாவது, அலை அணைக்கு மேலால் பாய்ந்து மறுபுறம் விழுகின்றது. விழுந்த நீர் திரும்பிக் கடலுக்குப் போகும்போது சல்லியையும் மண்ணையும் வாரிக்கொண்டு போகின்றது.

மூன்றாவது, கடலே வராமல் மழைவெள்ளத்தால் வரும் அழிவு. நிலப்பக்கத்து வெள்ளத்துக்கு மண்அணை ஒரு குளக்கட்டு ஆகிவிடுகின்றது. மதகுகள் போதாமலோ அடைபட்டோ இருந்தால் நீர் தேங்கி உயர்ந்து, பலவீனமான ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு பாயும். வான் இல்லாத குளம் நிலைக்காது என்பது எமது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாரிகாலத்தில் வெலிக்கந்தை, புனானைப் பக்கங்களில் வெள்ளம் மேவிப் புகையிரதம் நின்ற செய்தியையும் நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம்.

பாதைக்கு மேலே குன்றோ பாறையோ இருக்கும் இடங்களில் நான்காவது ஆபத்தும் உண்டு. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்குகின்றது. மண் ஊறிப் பாரம் கூடுகின்றது, பிடிப்புக் குறைகின்றது. அடிவாரத்தைக் கடலும் அரித்தால் மலைமுகமே இடிந்து தண்டவாளத்தின் மேல் விழும்.

இங்கிலாந்தில் நடந்தது

இந்த ஆபத்துகள் பலவும் ஒன்றாகச் சேர்ந்துள்ள இடம் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள டோலிஷ் என்னும் சிறு பட்டினம். பொறியியலாளர் புருனல் திட்டமிட்ட அந்தப் பாதை 1846இல் திறக்கப்பட்டது. அதன் ஒருபுறம் கடல், மறுபுறம் செந்நிறப் பாறைச் செங்குத்து.

2014 பெப்ரவரி 5ஆம் திகதிப் புயலில் அங்கு சுமார் 80 மீற்றர் நீளமான கடற்சுவர் உடைந்தது. கீழே மண் இல்லாமல் தண்டவாளம் தொங்குபாலம் போல ஆடியது. பொறியியலாளர்கள் முதலில் செய்த வேலை தண்டவாளத்தைத் திருத்துவது அல்ல. கப்பலில் சரக்கேற்றும் இரும்புக் கொள்கலன்களைக் கொண்டுவந்து, கல்லும் மண்ணும் நிரப்பி, உடைப்பின் முன்னே வரிசையாக வைத்தார்கள். அலையின் வேகத்தை அவை தாங்கிக்கொள்ள, அவற்றின் பின்னால் சுவர் வேலை நடந்தது. அடுத்த மாதம் சற்றுத் தூரத்தில் மழையில் ஊறிய பாறைமுகம் சரியத் தொடங்கியது. தளர்ந்த மண்ணை நீர் பாய்ச்சித் தாமே இறக்கி அப்புறப்படுத்தினார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி வண்டி மீண்டும் ஓடியது.

பின்னர் 2.5 மீற்றர் உயரம் கூட்டிப் புதிய சுவர் கட்டப்பட்டது. அதன் உச்சி கடற்பக்கம் வளைந்திருப்பதால், ஏறிவரும் அலை பாதையின் மேல் விழாமல் கடலுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றது. பாறை விழும் இடத்தில் பாதைக்கு மேலே 109 மீற்றர் நீளமான கொங்கிறீற் கூரையும் அமைத்தார்கள். இவை 2023இல் நிறைவடைந்தன. செல்வந்த நாட்டுக்கும் இவ்வேலைக்கு ஒன்பது ஆண்டுகள் எடுத்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எமது தெற்குக் கரை

இலங்கையின் கரையோரப் பாதை கொழும்பில் இருந்து 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் அடைந்தது. பல இடங்களில் அலையின் தூவானம் வண்டியின் யன்னலில் படும் அளவுக்கு அது கடலை அண்டி ஓடுகின்றது. அங்கே பாதையைக் காப்பது பெரும்பாலும் கரையில் குவிக்கப்பட்ட கருங்கல் அணை. சுவரைப் போல அலையை ஒரேயடியாக மறிக்காமல், கற்களின் இடைவெளிகளில் அலையைப் புகவிட்டு அதன் வலிமையைக் குறைப்பதே கல்லணையின் தன்மை.

ஆனால் கல்லணைக்கும் ஒரு குறை உண்டு. கரையோரமாக மணல் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கின்றது. ஓரிடத்தில் கல்லைப் போட்டு மறித்தால் அடுத்த ஊருக்கு மணல் போகாது. அங்கே கரை அரிக்கும். ஆற்றில் மணல் அள்ளினாலும் இதே கதிதான். கடற்கரைக்கு ஆறு கொண்டுவந்து கொடுக்கும் மணல் குறைந்துவிடும்.

கல்லணையைவிடப் பெரிய அணை கடலுக்குள்ளேயே இருக்கின்றது. அது பவளப்பாறை. 2004இல் ஆய்வாளர்கள் கண்டது இது: பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் சுமார் 50 மீற்றர் தூரமே நிலத்துக்குள் வந்தது. சில கிலோமீற்றர் அப்பால், சுண்ணாம்புக்காகப் பவளம் அகழப்பட்டிருந்த பேரலியவில் அது சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. கடலடியின் சாய்வு போன்ற வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் இயற்கை அரணை அகற்றியவர்கள் கடலுக்கு வாசல் திறந்து கொடுத்தார்கள் என்பதில் ஐயமில்லை. பவளம் அகழ்வது 1988இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதற்குள் பெருமளவு போய்விட்டது.

கல் விழும் இடங்களில்

இந்தியாவின் மேற்குக் கரையில் 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் பாதை மலைகளை வெட்டிச் செல்கின்றது. 2003 ஜூன் 22ஆம் திகதி இரவு வைபவ்வாடிக்கு அருகில் மழையில் சரிந்த பாறைகளில் வண்டி மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டு ஜூனிலும் அதே பாதையில் இன்னொரு விபத்து நேர்ந்தது.

அதன்பின் பாறை முகங்களில் இரும்பு வலை விரித்தார்கள். தளர்ந்த பாறைகளை இறக்கினார்கள். சரிவின் உச்சியில் நீர் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். இவற்றுடன் செலவு குறைந்த வேறு சில ஏற்பாடுகளும் உண்டு. மழைக்காலத்துக்கு என்றே தனி நேர அட்டவணை உள்ளது. ஆபத்தான இடங்களில் காவலாளர் இரவுபகலாகப் பாதையில் நடந்து பார்க்கின்றனர். கடும் மழையில் பார்வை மங்கினால் வண்டி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

எமது மலையகப் பாதையும் இத்தகையதே. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது அது பல இடங்களில் மண்சரிவால் துண்டிக்கப்பட்டது.

நிறுத்தும் செய்தி

சுவர், கல், வலை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று உண்டு. ஆபத்து வரும்போது வண்டி அங்கே இருக்கக் கூடாது.

1964 டிசம்பர் 22ஆம் திகதி ஒரு பெரும் புயல் வவுனியா ஊடாக எமது நாட்டைக் கடந்து பாக்குநீரிணைக்குள் இறங்கியது. அன்று நள்ளிரவை அண்டிப் பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பயணிகள் வண்டி புறப்பட்டது. தொடர்புகள் அற்றுப்போயிருந்தன. முன்னே இருந்த நிலைமை சாரதிக்குத் தெரியவில்லை. தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் வண்டியை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே புயலில் உடைந்த பாம்பன் பாலத்தைப் பொறியியலாளர் ஸ்ரீதரனின் குழுவினர் 46 நாட்களில் திருத்தினர்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கொழும்பில் இருந்து மாத்தறைக்குச் சென்ற வண்டிக்கும் இதுவே நேர்ந்தது. கடல் பொங்கிய செய்தி அறிந்து அதை நிறுத்த முயன்றார்கள். அம்பலாங்கொடையில் செய்தி கிடைத்தபோது வண்டி புறப்பட்டு விட்டது. பேரலியவில் முதல் அலையால் நின்ற வண்டிக்குள், அது பாதுகாப்பானது என்று நம்பி ஊர்மக்களும் ஏறினர். இரண்டாவது அலை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதை சுமார் இரண்டு மாதங்களில் திருத்தப்பட்டது.

பாதையை மீண்டும் போடலாம், உயிரை மீட்க முடியாது. இன்று பாம்பனில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி உள்ளது. மணிக்கு 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல் காற்று வீசினால் பாலத்தில் வண்டி விடப்படுவதில்லை. எமது நாட்டிலும் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் மண்சரிவு அபாயப் பகுதிகளில் விழிப்பாக இருக்கும்படி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துகின்றது. அளவை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், இக்கட்டான நேரத்தில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

எமது கிராமங்கள் செய்யக் கூடியவை

1. கடற்கரை மணல்மேடுகளை வெட்ட விடாதிருப்போம். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையும் மணலைக் கட்டிப் பிடிக்கின்றன. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

2. வாவிக்கரைக் கண்டல் மரங்களை விறகுக்காக அழியாமல் காப்போம். வாவிக்கரை வீதிகளுக்கு அவை செலவில்லாத அணை.

3. மாரிக்கு முன்னர், ஒக்டோபர் முடிவதற்குள், ஊரில் உள்ள மதகுகளைச் சிரமதானமாகத் துப்புரவு செய்வோம்.

4. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்திருப்போம். உயர்நீர் மட்டத்தில் இருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர் மட்டத்தில் இருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் அதன் பாதுகாப்புக்கு உட்பட்டவை. அங்கே அனுமதியின்றி மணல் அள்ளுவதைக் கண்டால் பிரதேச செயலகத்துக்கு அறிவிப்போம்.

5. புதிய வீதியோ புகையிரதப் பாதையோ திட்டமிடப்படும்போது, கிராம அபிவிருத்திச் சங்கங்களின் ஊடாக மூன்று கேள்விகளைக் கேட்போம். கடலுக்கும் பாதைக்கும் இடையே எவ்வளவு நிலம் விடப்படுகின்றது? படுவான்கரை வெள்ளம் கடலுக்கு வடிய எத்தனை மதகுகளும் பாலங்களும் வைக்கப்படுகின்றன? ஆபத்து வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்வது யார், எந்த வழியால்?

இரண்டாவது கேள்வி எமக்கு உயிர்நாடியானது. எழுவான்கரையில் எழும் ஓர் உயர்ந்த மண்அணை கடலில் இருந்து புகையிரதத்தைக் காக்கலாம். ஆனால் முகத்துவாரங்களை நோக்கிப் போகும் வெள்ளத்தை அது மறித்தால், போரதீவுப்பற்றின் வயல்களில் நீர் நாட்கணக்கில் நிற்கும். ஒரு கரையைக் காக்கும் வேலை மறுகரையை மூழ்கடிக்கக் கூடாது. வரைபடம் வரையப்படும் நாளிலேயே இதனை எடுத்துச் சொல்வது எமது கடமை. அணை எழுந்த பின்னர் சொல்வதால் பயன் குறைவு.