தெருவுக்கு வரும் தெய்வம்: திருவிழாவின் நாளையைப் பற்றிய கருத்துகள்

ஊர்த் தெருவில் நடக்கும் திருவிழா இனி எவ்வாறு நடக்கவேண்டும் என்பது குறித்து எல்லாரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. அக்கருத்துகள் எங்ஙனம் திரட்டப்படுகின்றன, யாருடைய சொல் முடிவாகிறது, அம்முடிவு எத்தனை ஆண்டு நிலைக்கிறது என்பனவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. பெக்கோக்கைப் போன்ற ஓர் இரயில் ஊரில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூரில், இப்பொருளைப் பேசுவதற்கு அண்டை நாட்டின் அனுபவம் ஒன்றையே எடுத்துக்கொண்டுள்ளோம். சிங்கப்பூரின் தைப்பூச ஊர்வலம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம், காவல்துறை, கோயில் நிருவாகம், பொதுமக்கள் ஆகிய நால்வரிடையே விவாதப் பொருளாய் இருந்துவருகிறது. ஜொகூர்த் தமிழர்க்கு அது அயலார் கதையுமன்று. வேலையின் பொருட்டும் உறவின் பொருட்டும் நாள்தோறும் பாலத்தைக் கடப்போர் நம்மிடையே எத்தனையோ பேர்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கருவறையில் நிலையாக இருக்கும் திருமேனியை மூலவர் என்கிறோம். வெளியே எழுந்தருளும் உலோகத் திருமேனியை உற்சவர் என்கிறோம். கோயிலுக்கு வர இயலாத முதியவர், நோயாளி, பிள்ளை பெற்ற பெண், கடையை விட்டு அகல முடியாத வணிகர் ஆகிய அனைவருடைய வாசலுக்கும் தெய்வம் தானே வருகிறது என்பதே வீதியுலாவின் கருத்து. எனவே தெரு என்பது இவ்விழாவின் இடம் மட்டுமன்று. அதன் பொருளே தெருவில்தான் இருக்கிறது. அத்தெரு எக்காலத்திலும் எல்லார்க்கும் திறந்திருந்தது என்று பெருமை பேசுவதற்கில்லை. 1924ஆம் ஆண்டில் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்ததன்று; கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக நடந்தது. தெரு யாருக்கு உரியது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று என்பதைக் காட்டவே இதனைக் குறிப்பிட்டோம்.

சிங்கப்பூரில் ஊர்வலம் சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி, டேங்க் ரோட்டிலுள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் முடிகிறது. பின்னது 1859ஆம் ஆண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நிறுவியது. முந்தைய நாளைச் செட்டிப் பூசம் என்பர். அன்று முருகன் வெள்ளி இரதத்தில் ஏறி, கியோங் சியாக் சாலையிலுள்ள இலயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று மீள்வார். மறுநாள் பால்குடமும் காவடியும் ஏந்தியவர்கள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடக்கின்றனர். உயர்ந்த கட்டடங்களும் விரைந்தோடும் வண்டிகளும் நிறைந்த நகரின் நடுவில், ஒரு பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு முருகன் கோயிலை அடையும் நடை இது. மாமன் வீட்டிலிருந்து மருகன் வீட்டுக்குப் போகிறோம் என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உண்டு.

இவ்விழாவின் எதிர்காலத்தைப் பற்றிச் 'சமூகத்தின் கருத்து' முதன்முதலாக முடிவாக நின்றது 1968இல் எனலாம். அவ்வாண்டில் சிங்கப்பூர் அரசு பொது விடுமுறைகளைக் குறைத்தது. ஒவ்வொரு சமயத்தாரும் சில விடுமுறைகளை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இந்துக்களுக்குத் தீபாவளி, தைப்பூசம் ஆகிய இரண்டில் ஒன்றே நிற்கும் என்ற நிலையில் தீபாவளி தேர்ந்தெடுக்கப்பட்டது. அன்று தேர்ந்தவர்கள் சமூகத்தின் பெயரால் பேசினார்கள். அக்காலத்துக்கு ஏற்ற காரணங்களும் அவர்களிடம் இருந்திருக்கும். ஆனால் அதன் பின்னர் பிறந்த தலைமுறைகள் தைப்பூசத்தன்று விடுப்பு எடுத்துக் காவடி சுமக்கின்றன, அல்லது விடியுமுன் பால்குடத்தைச் செலுத்திவிட்டு அலுவலகம் செல்கின்றன. ஜொகூரில் தைப்பூசம் இன்றும் மாநில விடுமுறை நாள். கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் அது 2008இல்தான் விடுமுறையாயிற்று. பாலத்தின் இரு பக்கமும் ஒரே விழாவுக்கு வெவ்வேறு நாட்காட்டி அமைந்தது இவ்வாறுதான்.

இரண்டாவது முடிவு இசையைப் பற்றியது. 1964 ஜூலை 21ஆம் நாள் சிங்கப்பூரில் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இனக்கலவரம் மூண்டது. அதன் பிறகு சமய ஊர்வலங்கள் கால்நடையாகச் செல்வது பொதுவாக அனுமதிக்கப்படவில்லை. இந்துக்களின் தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் 1973இல், குழுக்களிடையே நேர்ந்த சச்சரவுகளைக் காரணம் காட்டி, தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் தடைசெய்யப்பட்டன. உறுமியும் தவிலும் கோயில் மதிலுக்குள் ஒடுங்கின. தெருவில் நடந்தவர்கள் வாயால் பாடினர், கையால் தட்டினர்.

இங்கே மொழி பற்றி ஒரு கருத்தைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். விதிகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்படுகின்றன. அவற்றில் 'இசைக்கருவி' என்று பொருள்படும் ஒரு சொல் வருகிறது. அச்சொல்லைக் கேட்டவுடன் எழும் எண்ணம் கச்சேரி, பொழுதுபோக்கு, கேளிக்கை என்பதாகும். தமிழ் மரபோ கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்து வைத்திருப்பதோடு, எந்தக் கருவி எந்தச் சடங்கின்போது ஒலிக்கவேண்டும் என்பதையும் வகுத்து வைத்திருக்கிறது. தீபாராதனை நேரத்தில் நாகசுரமும் தவிலும் முழங்குவதைக் கோயிலுக்குச் செல்பவர் எவரும் கச்சேரியாகக் கேட்பதில்லை. மணியும் சங்கும் போல அதுவும் வழிபாட்டின் ஓர் உறுப்பு. உறுமியோ இன்னும் நுட்பமானது. அதன் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். அத்தேய்ப்பில் எழும் உறுமலே அதற்குப் பெயரைத் தந்தது. குலதெய்வக் கோயிலில் அருள் வரவழைக்கும் ஒலி அது. அலகு குத்திய உடலோடு வெயிலில் நடப்பவருக்கு அடியெடுத்து வைக்கும் தாளமும் அதுவே. இதனை 'இசைக்கருவி' என்ற ஒரே சொல்லில் அடக்கும்போது, விவாதத்தின் பாதி அங்கேயே முடிந்துபோகிறது. காவடி சுமப்பவர் தம் கால்களின் துணையைக் கேட்கிறார். கேட்பவர் காதில் அது ஆட்டபாட்டத்துக்கான அனுமதியாய் விழுகிறது.

2015ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் மேளம் தொடர்பாகக் கைகலப்பு ஏற்பட்டுச் சிலர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதன்பின் விவாதம் பெரிதாயிற்று. இசைக்கருவித் தடையை நீக்கவேண்டும் என்ற மனு உயர் நீதிமன்றம் வரை சென்று, அவ்வாண்டிலேயே தள்ளுபடியாயிற்று. மறுபுறம் இந்து அறக்கட்டளை வாரியம் பக்தர்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியது. அப்போது வெளிப்பட்ட எண்ணங்களைக் கூர்ந்து நோக்கினால், சமூகம் என்பது ஒரே குரல் உடையதன்று என்பது தெளிவாகும். மேளமின்றிக் காவடியில்லை என்றனர் ஒரு சாரார். சிங்க நடனத்தின் முழவுக்குத் தடையில்லாத நாட்டில் உறுமிக்கு மட்டும் ஏன் தடை என்று வினவினர் சிலர். அது சமய ஊர்வலமன்று என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. இன்னொரு சாரார், அவர்களும் பக்தர்களே, மேளத்தைத் திரும்பக் கொண்டுவருவதை விரும்பவில்லை. மேளக்காரர்கள் திரைப்பாடல் மெட்டை வாசிப்பதும், இளைஞர்கள் காவடியைச் சூழ்ந்து ஆடுவதும், நின்று நின்று ஊர்வலத்தைத் தாமதப்படுத்துவதும் அவர்களுக்கு வருத்தமளித்தன. திருப்புகழும் 'வேல் வேல்' என்ற முழக்கமுமே போதும் என்பது அவர்கள் நிலை. மலேசியாவில் நாம் கேட்டுப் பழகிய முறையீடும் இதுவே. ஆண்டுதோறும் தைப்பூசம் நெருங்கும்போது இந்து அமைப்புகள் உடை, காவடி, இசை பற்றி அறிவுரைகள் வெளியிடுவது இதன் பொருட்டே.

இவ்விரு சாராரையும் பழைமை, புதுமை என்று பிரிப்பது பொருந்தாது என்பது நம் கருத்து. மேளம் வேண்டுமென்றவர்களில் பெரும்பாலோர் இளைஞர். ஆனால் அவர்கள் கேட்டது பழைய வழக்கத்தை. அமைதியை விரும்பியவர்களில் பலர் மூத்தோர். ஆனால் மேளமில்லாத ஊர்வலம் 1973க்குப் பிறகு உருவானதே. நாற்பது ஆண்டுக்காலத் தடை தனக்கென ஒரு மரபைப் படைத்துவிட்டது. தடையோடு வளர்ந்தவர்களுக்கு அதுவே 'நம் முறை' ஆகிவிட்டது. எந்த ஊரிலும் திருவிழாவில் ஒன்றைச் சில ஆண்டு நிறுத்திவைப்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது. மீண்டும் தொடங்க முனையும்போது, அதனைப் பார்த்திராத ஒரு தலைமுறை எதிரே நிற்கும்.

முடிவு படிப்படியாக வந்தது. 2016இல் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. கலைஞர்கள் ஓரிடத்தில் இருந்து வாசிக்க, காவடிகள் அவர்களைக் கடந்து சென்றன. 2019இல் மரபுவழித் தாளக் கருவிகளும் ஊது கருவிகளும் காவடியோடு கூடவே நடக்கலாயின. நம் மரபின் பெயரால் சொன்னால், தோற்கருவிக்கும் துளைக்கருவிக்கும் தெரு திறந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்! இதில் நாம் கருதத் தக்கது, நீதிமன்றம் தராததைத் தொடர்ந்த உரையாடல் தந்தது என்பதாகும். அதே நேரத்தில், ஓராண்டு ஒழுங்காக நடந்ததைக் காட்டியே அடுத்த ஆண்டின் தளர்வைப் பெறவேண்டியிருந்தது என்பதையும் மறைக்கலாகாது. பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கால்நடை ஊர்வலம் இல்லை. பதிவு செய்துகொண்டவர்கள் பால்குடத்தை நேரே டேங்க் ரோட்டுக் கோயிலில் செலுத்தினர். 2023இல் தெரு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட இரண்டாண்டின் அமைதியே வசதியாயிருந்தது என்றோரும் உண்டு. ஆயினும் மக்கள் திரண்டு வந்து தெருவில் நடந்தனர்.

பினாங்கில் விவாதம் வேறு வகையானது. நகரத்தாரின் வெள்ளி இரதம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஜார்ஜ்டவுன் தெருக்களில் தண்ணீர்மலைக்குச் சென்று வருகிறது. 2017இல் அறப்பணி வாரியத்தின் சார்பில் வேலைச் சுமந்து தங்க இரதமும் புறப்பட்டது. ஒன்று போதாதா என்றும், பொதுமக்களுக்கெனப் பொது இரதம் வேண்டாமா என்றும் இரு கேள்விகள் எழுந்தன. இரண்டு இரதங்களும் இன்றுவரை ஓடுகின்றன. வழியெங்கும் உடைக்கப்படும் தேங்காய்களைக் குறைக்கவேண்டும் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பலமுறை வேண்டியுள்ளது. ஆனால் அங்கே மலைபோல் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் சீனப் பக்தர்களும் மிகப் பலர். அவர்களைக் கேட்காமல் தமிழர் மட்டும் கூடி முடிவெடுத்தால் அது சமூகத்தின் முடிவாகுமா? தெருவுக்கு வந்த விழா, தொடங்கியவர்களுக்கு மட்டும் உரியதாய் நிற்பதில்லை.

செர்மனியின் ஆம் நகரில் நடந்தது இன்னொரு வகை. இலங்கைத் தமிழர் 1989இல் அங்கு ஒரு வீட்டின் நிலவறையில் காமாட்சி அம்பாளுக்குச் சிறு கோயில் அமைத்தனர். தொண்ணூறுகளில் தேர்த் திருவிழாவுக்கு ஆண்டுக்காண்டு கூட்டம் பெருகவே, போக்குவரத்தும் நெரிசலும் குறித்து அண்டை வீட்டார் முறையிட்டனர். நகராட்சியுடன் பேசி, ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைப் பகுதியில் இடம் பெற்று, பெருங்கோயில் எழுப்பி, 2002இல் குடமுழுக்கு நடத்தினர். இப்போது தேர் அங்கே தடையின்றி ஓடுகிறது; அருகிலுள்ள கால்வாயில் தீர்த்தம் நடக்கிறது. எவரும் குறை சொல்வதில்லை. ஆனால் தேர் ஓடும் வழியில், வாசலில் கோலமிட்டுத் தட்டேந்தி நிற்கும் வீடுகள் இல்லை. இதனை இழப்பு என்பதா, தீர்வு என்பதா என்பதில் அங்குள்ளோரிடமே ஒருமித்த எண்ணம் இருக்க வழியில்லை.

நம் பகுதிக்கு வருவோம். பால்மரங்கள் செம்பனையாகி, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஆட்கள் குறைந்து, இளையோர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்த பின்னர், சிற்றூர்த் திருவிழாக்களின் சிக்கல் சத்தமோ நெரிசலோ அன்று. இரதத்தைத் தள்ளுவதற்குத் தோள்கள் வேண்டும். உறுமிக்கு ஆள் வேண்டும். அன்னதானத்துக்கு அரிசி கழுவுவதற்குக் கை வேண்டும். இங்கே கருத்துக் கேட்பதென்றால், ஆண்டு முழுதும் ஊரில் இருந்து விளக்கேற்றும் சிலரைக் கேட்பதா, திருவிழாவுக்கு மட்டும் வண்டி வண்டியாய் வந்திறங்கும் பலரைக் கேட்பதா என்பதே முதல் கேள்வி. ஊரில் இருப்போர் விழாவைச் சுருக்கி, கோயில் வளாகத்துக்குள் ஒரே நாளில் முடிக்க விரும்பக்கூடும். சுமை அவர்கள் தலையில் இருக்கிறது. வெளியூர் சென்றோர் தாம் சிறுவயதில் கண்ட அதே வழியில், அதே வீடுகளின் முன்னே இரதம் நிற்கவேண்டும் என்பர். அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு ஊர் இருக்கிறது. இருவர் சொல்வதும் நியாயமே. ஆயினும் சுமப்பவரின் சொல்லுக்குச் சற்றுக் கூடுதல் எடை தரவேண்டும் என்றும், பாதையைச் சுருக்குவதற்கு முன் அப்பாதையில் வாழும் முதியோரையும், மேளம் வாசிப்போரையும், கடை வைத்திருக்கும் சீனரையும் மலாய்க்காரரையும் கேட்டுவிட வேண்டும் என்றும் நாம் கருதுகிறோம்.

அவ்வாறு கேட்பதற்கு ஏற்ற காலம் விழா முடிந்த முதல் மாதம். அப்போது கால்வலியும் கணக்கு வழக்கும் நினைவில் இருக்கும். அடுத்த ஆண்டுக்கான காவல்துறை அனுமதிக்கு விண்ணப்பம் எழுதும் வேளையில் கூட்டம் கூட்டினால், பாதையும் நேரமும் முன்பே முடிவாகியிருக்கும். கூட்டத்தில் சொல்லப்பட்டதைத் தமிழில், சொன்னவரின் சொற்களிலேயே எழுதி வைப்பதும் தேவை. மேளக்காரர் 'அடி' என்று சொன்னதை 'இசை நிகழ்ச்சி' என்று குறிப்பேட்டில் மாற்றி எழுதினால், பத்தாண்டு கழித்து அதைப் படிப்பவர் அவர் கேட்டது என்னவென்று அறியமாட்டார்.