பொழிவும் அவையும்

சொற்பொழிவு என்னும் சொல்லில் மழையின் இயல்பு உண்டு: மேலிருந்து இறங்கும், கேட்போர் நனைவர். பல்கலைக்கழக விரிவுரையும் பெரும்பாலும் அவ்வாறே. தாம் தெளிந்ததை ஒருவர் பிறர்க்கு உரைக்கிறார். ஆராய்ச்சி மாநாட்டிலோ, கட்டுரையாளர் இன்னும் முடிவுறாத ஒன்றைத் தம்மை ஒத்தார்முன் வைக்கிறார். அங்குக் கட்டுரை பாதியே. மறுபாதி அவையோர் எழுப்பும் தடையும் அதற்கு அவர் கூறும் விடையும்.

இம்முறை மேற்கிலிருந்து நாம் கடன் பெற்றதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியதைச் சிறப்புப்பாயிரம் குறிக்கிறது. அதங்கோட்டாசான் குற்றம் கூறக்கூறத் தொல்காப்பியர் விடை கூறினார் என நச்சினார்க்கினியர் அதனைக் கதையாக விரிப்பார். அது வரலாறு ஆகாதெனினும், அவையிடம் நம் முன்னோர் எதிர்பார்த்தது எது என்பதைக் காட்டுகிறது.

1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966இல் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழறிஞர் ஒருவர் கூற்றை மற்றவர் நேரில் மறுக்க அங்கே வாய்ப்பு அமைந்தது. தனித்தனிப் பொழிவுகளால் இயலாதது அது.

அண்மையில் யான் கட்டுரை படித்த ஓர் அமர்வில் தலைமையுரை நீண்டது. (தலைமை ஏற்றபோது யானும் நீட்டியவனே.) வினாவுக்கு நான்கு நிமிடமே எஞ்சியது. என் காலக்கணிப்பை ஏற்காத இளைய ஆய்வாளர் ஒருவர் உயர்த்திய கையைத் தாழ்த்தாமலே இருந்தார். அவருக்கு முறை வரவில்லை. தேநீர் வேளையில் தேடினேன், காணவில்லை. கட்டுரை திருத்தமின்றி அச்சேறியது. அவருடைய தடை யாதென இன்றும் அறியேன்.