ஐ.ஆர்.எஸ். லெட்டர் வந்துடுச்சா? வக்கீலுக்குப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

அமெரிக்காவுல வேலை பார்க்கிறீங்க, வரி பாக்கின்னு ஐ.ஆர்.எஸ். லெட்டர் வந்திருக்கு. "பாதிக்குப் பாதி தள்ளுபடி வாங்கித் தர்றோம்"னு விளம்பரமும் காதுல விழுது. உங்க கணக்கையே பார்க்காம அப்படிச் சொல்றவங்களை நம்பாதீங்க.

முதல்ல லெட்டரோட தலைப்பைப் படிங்க. 'நோட்டீஸ் ஆஃப் டெஃபிஷியன்ஸி'ன்னு இருந்தா, வரி கோர்ட்டுக்குப் போக 90 நாள்தான் அவகாசம். அதைத் தவறவிட்டா, பொதுவா வரியைக் கட்டிட்டுத்தான் வாதாட முடியும். இதுக்கு வக்கீலை உடனே பாருங்க.

வரி சரிதான், மொத்தமா கட்டத்தான் முடியலையா? அபராதம், வட்டி சேர்த்து 50,000 டாலருக்குள்ள இருந்து, ரிட்டர்ன் எல்லாம் தாக்கல் பண்ணியிருந்தா, ஐ.ஆர்.எஸ். தளத்துலயே நீங்களே தவணைக்கு விண்ணப்பிக்கலாம். வக்கீல் செலவு மிச்சம்.

வக்கீல் வேணும்னா, அவரோட லைசென்ஸை மாநில பார் தளத்துல சரிபாருங்க. மொத்த ஃபீஸ் எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க. முக்கியமா, உங்க சார்பா பேச அதிகாரம் தர்ற படிவம் 2848-ல யார் பேர் இருக்குன்னு பாருங்க. நீங்க பேசினவர் பேர் அதுல இல்லைன்னா, கையெழுத்துப் போடாதீங்க!